இலையை எடுத்துவிட்டால் சமபந்தியா?

கென்யா நாட்டிலே, எல்டோரெட் என்னும் ஊரில், 2004-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கிழவர் ஒருவர் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பிலே போய்ச் சேர்ந்தார். வயது எண்பத்து நான்கு என்றார். கிமானி மாருகே என்பது அவர் பெயர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து நடந்த மாவ் மாவ் போரிலே ஈடுபட்டவர். பள்ளிச் சீருடையாம் அரைக்காற்சட்டையை அணிந்துகொண்டு, பேரப்பிள்ளைகளின் வயதுடைய சிறாருடன் அமர்ந்து எழுத்துக் கூட்டினார். வேதநூலைப் பிறர் படிக்கக் கேட்பது போதாது, தாமே படித்துப் பார்த்திட வேண்டும் என்பது அவர் கூறிய காரணங்களிலே ஒன்று. நல்ல காரணம்! பிறர் படித்துச் சொல்லத் தலையாட்டியே காலந் தள்ளியவர்கள் பட்ட பாட்டினை அறிந்த நாம், அந்தக் கிழவரை வணங்காமல் வேறு யாரை வணங்குவது!

அத்தனை ஆண்டுகள் ஏன் காத்திருந்தார்? அறிவு வேட்கை அந்த ஆண்டிலேதான் முளைத்ததோ? அன்று. தொடக்கக் கல்விக்குக் கட்டணம் கிடையாது என்று கென்ய அரசு அறிவித்தது 2003-இல்தான். காசு கேட்ட கதவு, காசு கேளாக் கதவாக மாறிற்று. கிழவர் உள்ளே வந்தார். அவர் மட்டுமா? இலட்சக்கணக்கிலே பிள்ளைகள் வந்தனர். 2010-இல் அந்நாடு இயற்றிக்கொண்ட அரசியல் சட்டம், கட்டணமில்லாக் கட்டாய அடிப்படைக் கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்று 53-ஆம் பிரிவிலே எழுதி வைத்தது.

இந்தக் கதவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில், கதவே இல்லாத பள்ளி ஒன்று வந்துவிட்டது என்கிறார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை, மணியோசை இல்லை. உள்ளங்கையிலே அடங்கும் கருவி ஒன்று போதும், உலகத்து அறிவெல்லாம் அதன் வழியே ஓடிவரும். ஏழை நாடுகள் நூறாண்டு நடக்க வேண்டிய வழியைப் பத்தாண்டிலே பறந்து கடந்துவிடலாம் என்கிறார்கள். நாம் புதுமைக்குப் பகைவரல்லர். பழையது என்பதாலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டு அழும் வழக்கமும் நமக்கில்லை. பறக்க முடியுமானால் பறக்கட்டும். யார் பறக்கிறார்கள், யார் தரையிலே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று கேட்கும் உரிமையை மட்டும் நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

பள்ளிக்கூடம் பாடம் சொல்லும் இடம் மட்டுமன்று. வீட்டின் வறுமையை வாசலிலே நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே அழைக்கும் இடம் அது. முழுவதும் நிறுத்திவிடுகிறது என்று கூறமாட்டோம். கிழிந்த சட்டை உள்ளே வரத்தான் செய்கிறது, பசியும் கூடவே நடந்து வருகிறது. ஆயினும், கரும்பலகை ஒன்று, கூரை ஒன்று, ஆசிரியர் ஒருவர். மண்டி வணிகர் மகனுக்குத் தெரியும் அதே எழுத்துத்தான் மாடு மேய்ப்பவர் மகளுக்கும் தெரிகிறது. வீட்டிலே விளக்கு இல்லாவிட்டாலும் வகுப்பிலே பகல் வெளிச்சம் இருக்கிறது. இப்படி அரும்பாடுபட்டு வீட்டையும் படிப்பையும் பிரித்து வைத்தது பள்ளிக்கூடம். கருவியோ, படிப்பை மறுபடியும் வீட்டிற்கே அனுப்புகிறது. வீடு எப்படியோ, படிப்பும் அப்படி!

2020 மார்ச் 13-ஆம் நாள் கென்யாவிலே கொரோனா நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது. இரண்டு நாளிலே பள்ளிகளை மூடுவதாக அறிவித்தனர். மூடியது தவறென்று நாம் கூறவில்லை. பாடம் நிற்காது என்றனர் ஆட்சியாளர். கென்ய ஒலிபரப்புக் கழகத்தின் வானொலியிலே பாடம் வந்தது. பாடத்திட்ட நிறுவனத்தின் தொலைக்காட்சியிலே பாடம் வந்தது. இணையத்திலே வந்தது, கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் வந்தது. இரவும் பகலும் உழைத்து அவற்றை ஆக்கித் தந்த ஆசிரியர்களைக் குறை கூற நமக்கு நா எழாது. வந்த பாடம் யாருக்கு வந்தது என்பதே வினா.

கென்யா இந்தத் துறையிலே பின்தங்கிய நாடென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கைப்பேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா முறை 2007-இல் அங்கேதான் வழக்கத்துக்கு வந்து வெற்றி கண்டது. பெரிய நாடுகள் பின்னர் அதைப் பார்த்துப் பாடம் கற்றன. கடலடிக் கம்பிகள் 2009-இல் மொம்பாசாத் துறைமுகத்திலே கரையேறி, நாட்டை உலக இணையத்தோடு இணைத்தன. நைரோபி நகரத்து இளைஞர்கள் கணினித் தொழிலிலே பெயர் பெற்றவர்கள். காய்கறி விற்கும் மூதாட்டியும் கைப்பேசியிலே பணம் வாங்குகிறார். பணம் போகிற வழியிலே பாடம் போகக் கூடாதா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பலர் உற்சாகக் கூத்தாடினர்.

போகாது. ஏன் போகாது என்பதைச் சற்றே நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பணம் அனுப்ப விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பொத்தான் வைத்த பழைய கைப்பேசி போதும். சில எண்களைத் தட்டினால் ஒரு நிமிடத்திலே வேலை முடிந்தது. அதுவும் வீட்டிலே ஒருவர் செய்தால் போதும். நான்கு பிள்ளைகளும் தனித்தனியே செய்ய வேண்டியதில்லை. பணம் அனுப்புவதாலே நிறுவனத்துக்குக் கட்டணம் கிடைக்கிறது. ஆகவே, எங்கெல்லாம் பணம் நடமாடுகிறதோ அங்கெல்லாம் கோபுரம் நட அவர்களுக்கே ஆவல். பாடமோ மணிக்கணக்கிலே நடப்பது. திரை வேண்டும், மின்சாரம் வேண்டும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இணையக் காசு வேண்டும், அமைதியாக உட்கார ஒரு மூலை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘எனக்கு விளங்கவில்லை’ என்று பிள்ளை கூறும்போது, அந்தச் சொல் போய்ச் சேரும் காது ஒன்று வேண்டும். பாடத்தாலே கோபுரக்காரருக்கு உடனடி இலாபம் இல்லை. வணிகன் வழியமைத்தான், வாணிகம் அவ்வழியே சென்றது. அவ்வழியே கல்வியும் செல்லும் என்று நம்பியது நம் போன்றோரின் பேதைமை.

2019-ஆம் ஆண்டு அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதனை வெட்டவெளிச்சமாக்கிற்று. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களிலே கைப்பேசி உடையவர் நூற்றுக்கு 47.3 பேர். இணையம் பயன்படுத்துவோர் 22.6. கணினி பயன்படுத்துவோர் 10.4. கைப்பேசி எண்ணிக்கையை மட்டும் காட்டி மார்தட்டிய அறிஞர்கள், அடுத்த இரண்டு எண்களைப் படிக்க மறந்தார்கள் போலும்! வீட்டிலே இருக்கும் ஒரே கைப்பேசியும் தந்தையோடு விடியற்காலையிலே வேலைக்குப் போய்விடுகிறது. இரவு அது திரும்பும்போது பிள்ளைகள் உறங்கிவிடுகின்றனர்.

வானொலி இவற்றைவிட நல்ல கருவி என்பது நம் எண்ணம். பழையது, மலிவானது, மணிக்கு இத்தனை காசு என்று கேளாதது. புதுமைக் கருவிகளைப் பாடிய புலவர்கள் அதைப் பாடாததற்கு அதன் மலிவே காரணமாக இருக்கலாம். ஆனால் வானொலிக்கும் காது இல்லை, வாய்தான் உண்டு. அந்த வாயும் எந்த மொழியிலே பேசிற்று? கென்யாவிலே முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளையின் வட்டார மொழியிலே கற்பிக்கலாம். நான்காம் வகுப்பு முதல் ஆங்கிலம் என்பது கொள்கை. நடைமுறையிலே, பிள்ளை விழிக்கும்போது ஆசிரியர் தாய்மொழியிலே ஒரு சொல் சொல்லி விளக்கம் தருவார். லுவோ மொழியும், துர்கானா மொழியும், சோமாலி மொழியும் வகுப்பறைக்குள்ளே வாழ்ந்தது அந்த ஆசிரியரின் நாவிலே. ஆசிரியரை எடுத்துவிட்டு ஒலிப்பெருக்கியை வைத்தபோது, ஆங்கிலம் மட்டுமே மிஞ்சிற்று.

மொழியின் அருமை அறிந்த நம் வாசகர்க்கு, கூகி வா தியாங்கோ என்னும் எழுத்தாளரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2025-இல் மறைந்த அந்தக் கென்யப் பெருமகன், பள்ளி வளாகத்திலே தாய்மொழியாம் கிகூயு பேசிய பிள்ளைகள் அடிபட்டதையும், அவமானச் சின்னம் கழுத்திலே தொங்க நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார். அன்று தாய்மொழியைத் தடி கொண்டு விரட்டினர். இன்று எவரும் தடி எடுக்கவில்லை, கருவி எடுத்தனர். கருவிக்கு அந்த மொழிகள் தெரியாது, அவ்வளவே. குற்றம் செய்தவர் என்று சுட்டிக்காட்ட ஓர் ஆளும் இல்லாதபடி நடந்தேறிவிட்டது.

கருவி கொடுக்கவே இல்லையா அரசு என்று கேட்கலாம். கொடுத்தது! 2013 தேர்தலிலே, முதல் வகுப்பிலே சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மடிக்கணினி என்று வாக்களித்துத்தான் ஆட்சிக்கு வந்தனர். கொள்முதல் வழக்கு மன்றம் வரை சென்று இழுபட்டது. பிறகு திட்டம் மாறி, 2016 முதல் மடிக்கணினிக்குப் பதில் கைப்பலகைக் கணினிகள் பள்ளிகளுக்குச் சென்றன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு. அவற்றை ஏற்றி வைக்க மின்சாரம் வேண்டுமே என்று பல பள்ளிகளுக்கு விரைந்து மின் இணைப்பும் தந்தனர். அந்த இணைப்பே திட்டத்தின் மெய்யான நன்மை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கருவிகள் பள்ளிக்குரியவை, பிள்ளைக்குரியவை அல்ல. 2020-இல் பள்ளியைப் பூட்டியபோது அவையும் உள்ளேயே பூட்டுண்டன. வீட்டிலிருந்து படிக்கக் கருவி வேண்டும் என்று நாடே தவித்த நாட்களிலே, அதற்கென்றே வாங்கிய கருவிகள் அலமாரியிலே இருந்தன.

இனி அறவினாவுக்கு வருவோம்.

2020 ஜூலையிலே கென்யக் கல்வி அமைச்சர் ஜார்ஜ் மகோகா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இந்தக் கல்வி ஆண்டு இல்லாததாகக் கருதப்படும்; தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி மாணவர் அனைவரும் அடுத்த ஆண்டு அதே வகுப்பிலே மறுபடியும் படிப்பர்; இறுதித் தேர்வுகளும் அவ்வாண்டு இல்லை. நோயின் அச்சமே முதற்காரணம். ஆயினும், கருவி உள்ளவன் முன்னேற, இல்லாதவன் பின்தங்க, அதை ஒரு கல்வி ஆண்டு என்று கணக்கிலே எழுதிக்கொள்ளாமல் நின்றதே அந்த முடிவின் சிறப்பு.

இதைக் கேள்வியுற்றபோது நாம் மகிழ்ந்தோம் என்பதை மறைக்கப்போவதில்லை. பல நாட்டு அரசுகள், இணைய வகுப்பு நடத்துகிறோம் என்று ஏட்டிலே எழுதிவிட்டு, பாதிப் பிள்ளைகள் வராததைப் பாராதிருந்த காலம் அது. ஒரு நாடாவது, ‘எல்லோர்க்கும் கிடைக்காததைக் கல்வி என்று அழைக்கமாட்டேன்’ என்று கூறிற்றே என்று நெஞ்சம் குளிர்ந்தது. சிந்திக்கச் சிந்திக்க, அந்தக் குளிர்ச்சி நீடிக்கவில்லை.

பந்தியிலே நூறு பேர் அமர்ந்திருக்கிறார்கள். சோறு இருபது பேருக்குத்தான் இருக்கிறது. இருபது பேருக்குப் பரிமாறிவிட்டு, ‘விருந்து இனிதே முடிந்தது’ என்று கைகழுவுகிறவன் கயவன், ஐயமில்லை. ஆனால், ‘எல்லோர்க்கும் இல்லை, ஆகவே எவருக்கும் இல்லை’ என்று நூறு இலைகளையும் எடுத்துவிட்டு, ‘பாருங்கள் சமபந்தி’ என்கிறவனை என்ன சொல்வது? அவன் நேர்மையானவன், பசி மட்டும் அப்படியே இருக்கிறது. அதிலும், எழுந்து போன நூற்றுவரிலே இருபது பேருக்கு வீட்டிலே அடுப்பு எரிகிறது!

அதுதான் நடந்தது. நாட்காட்டியை நிறுத்தலாம், பணம் படைத்தவர் வீட்டுப் படிப்பை நிறுத்த முடியுமா? நைரோபியின் வசதிமிக்க தனியார் பள்ளிகள், வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்துவன, திரையின் வழியே தொடர்ந்து நடத்தின. ஏழைகளின் சிறு தனியார் பள்ளிகளோ கட்டணம் வராமல் சாய்ந்தன. நாட்டின் நடுப்பகுதியிலே ஒரு பள்ளியின் வகுப்பறையில் கோழி வளர்த்தார்கள். பலகையிலே முன்பு எழுதிய கணக்கு அழியாதிருக்க, கீழே கோழிகள் மேய்ந்த படம் உலகெங்கும் போயிற்று.

பெண்களின் நிலை இன்னும் கொடிது. மேற்குக் கென்யாவின் சியாயா மாவட்டத்திலே உயர்நிலைப்பள்ளியின் கடைசி ஆண்டுகளிலே இருந்த மாணவியரை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர். பள்ளி மூடலுக்கு ஆட்பட்ட பெண்கள், முந்திய ஆண்டிலே முடித்துச் சென்றவர்களைக் காட்டிலும், படிப்பு முடியுமுன் கருவுற்றது இரு மடங்கு. படிப்பை விட்டு நின்றது மூன்று மடங்கு. ‘அடுத்த ஆண்டு வா, அதே வகுப்பிலே உட்காரலாம்’ என்று அரசு கூறிற்று. அடுத்த ஆண்டு இடுப்பிலே குழந்தையோடு நிற்பவளிடம் அந்த வாக்குறுதியின் விலை என்ன? இழந்த ஆண்டு எல்லோருக்கும் ஓர் ஆண்டுதான் என்பது எண்ணிலே சரி. வாழ்விலே, சிலருக்கு அது ஓய்வு, சிலருக்கு அதுவே முடிவு.

அப்படியானால் இருபது பேருக்குப் பரிமாறுவதே அறமா என்று நம்மை மடக்குவர் சிலர். அவர்களுக்கு நம் விடை: பாடத்தையும் மதிப்பெண்ணையும் நீங்கள் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள், அந்த முடிச்சை அவிழுங்கள். அறிவு, யாருக்கு எந்த வழியிலே போகுமோ அந்த வழியிலே போகட்டும். ஒருவன் படிப்பதால் மற்றவனின் எழுத்து அழிந்துவிடாது. சோறு போல் குறைந்துபோகும் பொருளன்று கல்வி. அந்த வகையிலே நாம் காட்டிய பந்தி உவமையும் குறையுடையதே. ஆனால், தேர்வும், தரவரிசையும், மேற்படிப்பு இடமும் எண்ணி அளக்கப்பட்டவை. அங்கே ஒருவன் பெற்றால் ஒருவன் இழக்கிறான். ஆகவே, எல்லோர்க்கும் எட்டாத பாடத்தை வைத்து எவரையும் தரம் பிரிக்காதே. பாடத்தை மட்டும் நிறுத்தாதே. எட்டாதவன் வீட்டு வாசலுக்கு, மிச்சமான பணத்தையும் ஆளையும் முதலிலே அனுப்பு. கென்ய அரசு ஆண்டைச் செல்லாததாக்கி முதற்கடமையிலே பாதி செய்தது. வாசலுக்கு ஆள் அனுப்பும் கடமை பெரிதும் அப்படியே கிடந்தது.

ஆள் போக முடியாத இடமும் உண்டு என்பதை ஒப்புகிறோம். 2020 ஜனவரியிலே, நோய் வருமுன்பே, கரிசா மாவட்டத்தில் ஆசிரியர் மூவரைப் பயங்கரவாதிகள் கொன்றனர். அதன்பின், கரிசா, வஜீர், மண்டேரா ஆகிய வடகிழக்கு மாவட்டங்களிலே பணியாற்றிய வெளியூர் ஆசிரியர்களை ஆசிரியர் பணி ஆணையம் திரும்ப அழைத்துக்கொண்டது. அங்குள்ள பிள்ளைகள் பலருக்கு 2020-ஆம் ஆண்டு மார்ச்சிலே தொலையவில்லை; ஜனவரியிலேயே தொலைந்துவிட்டது. ஆசிரியர் செல்ல முடியாத அந்த வறண்ட நிலத்துக்கே கருவி முதலில் சென்றிருக்க வேண்டும். கருவிக்கு உயிரச்சம் இல்லையே! ஆனால் அங்கேதான் கோபுரமும் அரிது, மின்சாரமும் அரிது. எங்கே ஆசிரியர் இருக்கிறாரோ அங்கே கருவியும் இருக்கிறது. எங்கே ஆசிரியர் இல்லையோ அங்கே கருவியும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்யும் என்று திட்டம் வகுத்தவர்கள், நிலப்படத்தைப் பார்த்து வகுத்தார்களா, ஐயமே.

வானத்திலிருந்தே இணையம் பொழியும் என்ற செய்தியும் அந்த ஜூலையிலேதான் வந்தது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் ‘லூன்’ என்னும் குழுமம், கதிரவன் ஒளியால் இயங்கும் கருவிகளைத் தாங்கிய பெரும்பலூன்களை, விமானங்கள் பறப்பதற்கும் மேலே, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் உயரத்திலே மிதக்கவிட்டு, மேற்குக் கென்யாவுக்கும் நடுக் கென்யாவுக்கும் இணையம் தந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து பலூன்கள்! அறிவியலின் அருஞ்செயல், நாம் வியந்து பாராட்டுகிறோம். 2021 ஜனவரியிலே கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டனர். பலூன் பழுதுபடவில்லை, வணிகம் கட்டுபடியாகவில்லை. அவர்கள்மீது நமக்குச் சினமில்லை. இலாபத்துக்காக வந்தவர்கள் இலாபமில்லை என்று போனார்கள். அரசியல் சட்டத்தின் 53-ஆம் பிரிவைக் காப்பாற்றும் கடமை பலூனுக்கு இல்லையே!

அதே ஜனவரி 4-ஆம் நாள், ஒன்பது மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்த பள்ளிகள் எல்லா வகுப்புகளுக்கும் திறந்தன. தேர்வு எழுத வேண்டிய வகுப்பினரை அக்டோபரிலேயே அழைத்திருந்தனர். இடம் போதாமல் மரத்தடியிலும் வகுப்பு நடந்தது. இழந்த நாட்களை ஈடுகட்ட, ஆண்டுக்கு மூன்று பருவம் என்பதை நெருக்கி நான்காக்கி, விடுமுறைகளைச் சுருக்கி, 2022 முடியும்வரை பிள்ளைகளை ஓட வைத்தனர். நைரோபியிலே திரையின் வழியே விடாது படித்த பிள்ளையும், வஜீரிலே கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடந்தே ஆண்டைக் கழித்த பிள்ளையும், ஒரே வகுப்புப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறந்தனர். மார்ச்சிலே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நடந்தது. நல்ல உயர்நிலைப்பள்ளியிலே யாருக்கு இடம் என்பதை அந்நாளிலே முடிவு செய்த தேர்வு அது. வினாத்தாள் இருவருக்கும் ஒன்றே.